கருநீர் ஆறு

முற்காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எழுதும் மையை வீட்டிலேயே செய்துகொள்வது உண்டு. கடுக்காயை நசுக்கி நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதியைச் சேர்ப்பர். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. பழுப்பு நிறமாய் இருந்த கடுக்காய்ச் சாறு, அன்னபேதி கலந்ததும் கறுத்து மையாகிவிடும். கடுக்காயில் உள்ள துவர்ப்பொருளும் இரும்பும் ஒன்றையொன்று கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. மைக்கூட்டில் நிகழும் இச்சிறு செயலை நினைவில் வைத்துக்கொண்டால், தென்னமெரிக்காவின் பேராறு ஒன்று ஏன் கறுத்து ஓடுகின்றது என்பதைப் புரிந்துகொள்ளல் எளிதாகும்.

1542-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், ஒரெல்லானா என்னும் ஸ்பானியத் தலைவனும் அவனுடைய கூட்டத்தாரும் அமேசான் ஆற்றின் வழியே படகுகளில் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தனர். பசியாலும் நோயாலும் மெலிந்திருந்த அக்கூட்டத்தில் கார்வாகால் என்னும் துறவி ஒருவரும் இருந்தார். கண்டவற்றையெல்லாம் குறித்து வைத்தவர் அவரே. இடக்கைப் பக்கமாகப் பேராறு ஒன்று வந்து கலப்பதையும், அதன் நீர் எழுதும் மையைப் போலக் கறுத்திருப்பதையும், நெடுந்தொலைவு வரை அக்கருநீர் மற்ற நீரோடு கலவாமல் தனியே ஒரு கோடாக ஓடுவதையும் அவர் எழுதியுள்ளார். அவ்வாற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ரியோ நீக்ரோ; 'கரிய ஆறு' என்பது அதன் பொருள். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது.

இன்று பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகருக்கு அருகில் செல்வோர் கார்வாகால் கண்ட காட்சியைத் தாமும் காணலாம். ஆண்டீஸ் மலைகளிலிருந்து வண்டலைச் சுமந்து வரும் சோலிமோயிஸ் ஆறு பால் விட்ட தேநீர் போன்ற நிறமுடையது. ரியோ நீக்ரோவோ பால் விடாத தேயிலை வடிநீரைப் போன்றது. இரண்டும் ஒரே படுகையில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவுக்கு, நடுவே வரப்பு இட்டது போலப் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. இரண்டின் வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறு வேறாக இருப்பதே அவை உடனே கலவாமைக்குக் காரணம். படகில் சென்று அக்கோட்டின் இருபுறமும் கைவிட்டுப் பார்ப்பவர், நீரின் வெப்பம் மாறுவதை விரல்களாலேயே உணர்வர்.

சோலிமோயிஸின் நிறத்துக்குக் காரணம் கூறுவது எளிது. அது கலங்கல். செம்மண் நிலத்தில் மழை பெய்து வாய்க்கால் சிவப்பதை அறியாதார் இல்லை. அத்தகைய நீரைக் குடத்தில் எடுத்து, உள்ளே தேற்றாங்கொட்டையை இழைத்து வைத்தால், மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆனால் ரியோ நீக்ரோவின் நீரில் அவ்வாறு தங்குவதற்கு மண்ணே மிகக் குறைவு. அதனைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒளிக்கு எதிரே பிடித்தால், கலங்கல் சிறிதும் இல்லாமல், பொன்னும் பழுப்பும் கலந்த தெளிந்த நீராகத் தோன்றும். ஆழத்தில் பார்க்கும்போதுதான் அது கறுக்கின்றது. 1800-ஆம் ஆண்டில் அப்பகுதியில் பயணம் செய்த ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்நிற வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். கருநீர் ஆறுகளின் கரையில் கொசுத்தொல்லை குறைவு என்பதையும் அவர் குறித்திருக்கின்றார். கொசுக்கள் மொய்க்கும் ஒரினோக்கோ ஆற்றில் பல நாள் துன்புற்று வந்தவருக்கு அது சிறிய செய்தியாகத் தோன்றியிராது.

அவருக்குப் பின், 1850 முதல் 1852 வரை அவ்வாற்றில் பயணம் செய்த வாலஸ் என்னும் ஆங்கிலேயர் அமேசான் நிலத்து ஆறுகளை வெண்ணீர், நீலநீர், கருநீர் என நிறத்தால் வகைப்படுத்தினார். அவர் ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. உடன் கொண்டுவந்த தொகுப்புகள் யாவும் அழிந்தன. பனைகளையும் மீன்களையும் வரைந்த ஓவியங்கள் வைத்த தகரப்பெட்டி ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சியோலி என்னும் ஜெர்மானிய அறிஞர் இதே மூன்று வகையை நீரின் வேதியியலோடு பொருத்தி விளக்கினார். ரியோ நீக்ரோவின் நீரில் உப்புகள் மிகக் குறைவு. ஏறத்தாழ மழைநீரின் அளவே எனலாம். உப்பும் இல்லை, மண்ணும் இல்லை. அவ்வாறாயின் அந்நீரில் கரைந்திருப்பது யாது?

அதில் கரைந்திருப்பது காடே.

மரம் இலைகளின் வழியே காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் அதிலுள்ள கரிமத்தைத் தன் உடம்பாக்கிக் கொள்கின்றது. கரிமம் என்பது வேறொன்றன்று. அடுப்பில் விறகு எரிந்தபின் எஞ்சும் கரியில் பெரும்பகுதி அதுவே. இலை உதிர்ந்து சருகாகின்றது, சருகு மட்கின்றது. பூசணங்களும் நுண்ணுயிர்களும் அதனைத் தின்று, பெரும்பகுதியை மீண்டும் கரியமில வாயுவாகக் காற்றில் விடுகின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணோடு தங்குகின்றது. மற்றொரு சிறு பகுதி மழைநீரில் கரைந்து வெளியேறுகின்றது. தேயிலையை வெந்நீரில் இட்டால் சாறு இறங்குவது போல, சருகுப் படுகையின் மேல் மழை விழும்போதெல்லாம் காட்டின் சாறு இறங்குகின்றது. துவர்ப்பொருள்களும், மட்கிய பொருள்களின் பல்வேறு சிதைவுகளும், ஒருவகைக் காடிகளும் அச்சாற்றில் உள்ளன. இவை எல்லாவற்றிலும் உள்ள கரிமத்தைச் சேர்த்தே அறிஞர் 'கரைந்த கரிமம்' என அளக்கின்றனர்.

ரியோ நீக்ரோவின் ஒரு லிட்டர் நீரில் இருக்கும் கரைந்த கரிமம் ஏறத்தாழ 10 மில்லிகிராம். இது மிகச் சிறிய அளவு; விரல் நுனியில் ஒட்டும் உப்பினும் குறைவு. ஆனால் அந்த ஆறு சராசரியாக ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28,000 கன மீட்டர் நீரைச் சுமந்து செல்கின்றது. ஒரு கன மீட்டரில் 10 கிராம் எனக் கொண்டு பெருக்கிப் பார்த்தால், நொடிக்கு 280 கிலோகிராம் கரிமம் அவ்வாற்றின் வழியே செல்வது விளங்கும். நூறு கிலோ மூட்டை மூன்றைத் தூக்கி, ஒவ்வொரு நொடியும் ஆற்றில் வீசுவதற்கு ஒப்பாகும் இது. ஒரு நாளைக்கு 24,000 டன் என்று கணக்கு வரும். இத்தனையும் கண்ணுக்குத் துகளாகத் தெரியாமல், நிறமாக மட்டுமே தெரிந்துகொண்டு செல்கின்றது.

எல்லாக் காடுகளிலும் மழை பெய்கின்றது. எல்லாக் காடுகளிலும் சருகு மட்குகின்றது. அவ்வாறிருக்க எல்லா ஆறுகளும் கறுக்கவில்லையே, ஏன்? மனாவுஸ் நகரின் சுற்றுப்புறத்திலேயே இவ்வினாவுக்கு விடை உள்ளது. அங்கே மேட்டு நிலம் களிமண்ணாலும், பள்ளங்கள் வெண்மணலாலும் ஆனவை. இரண்டிலும் பெய்வது ஒரே மழை. இரண்டின் மேலும் நிற்பது காடே. ஆயினும் மேட்டுக் களிமண்ணுக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் தெளிவாக இருக்கின்றது. வெண்மணலுக்கு அடியிலுள்ள நீரோ பழுப்பாக இருக்கின்றது.

மழைத்துளி ஒன்றைப் பின்தொடர்ந்து சென்றால் இதன் காரணம் புலப்படும். வானிலிருந்து இறங்கும்போது அத்துளியில் கரிமம் மிகவும் குறைவு. மரத்தின் உச்சியில் இலைகளைக் கழுவிக்கொண்டு இறங்கும்போதே அது சிறிது கரிமத்தைப் பெறுகின்றது. பின் சருகுப் படுகையை ஊடுருவுகின்றது. இங்கேதான் அதன் செல்வம் திடீரெனப் பெருகுகின்றது. வடநாட்டுக் காடுகளில் அளந்து பார்த்தோர், சருகுப் படுகையின் அடியில் வடியும் நீரில் மழைநீரைப்போல் இருபது, முப்பது மடங்கு கரிமம் இருப்பதைக் கண்டிருக்கின்றனர். துளி அந்நிலையிலேயே ஓடையை அடைந்துவிடுமாயின், உலகில் காட்டோடைகள் யாவும் தேநீர் நிறமாகவே இருக்கும்.

ஆனால் சருகுக்கு அடியில் மண் இருக்கின்றது. களிமண்ணின் நுண்துகள்களின் மேல் இரும்பும் அலுமினியமும் உயிர்வளியோடு கூடிய நிலையில் போர்வை போலப் படிந்திருக்கின்றன. செம்மண்ணுக்குச் செம்மை தருவது இந்த இரும்புத் துருவே. துவர்ப்பொருளும் இரும்பும் சந்தித்தால் நேர்வது இன்னது என்பதை மைக்கூடு முன்பே காட்டியது. பழுப்பு நீர் அத்துகள்களின் இடையே மெல்ல இறங்கும்போது, அதில் கரைந்துள்ள பொருள்களை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. துளி ஆழத்தை அடையும்போது ஏறத்தாழ வெறுங்கையோடு செல்கின்றது. கரிமம் மண்ணிலேயே தங்குகின்றது. இவ்வாறு துகளோடு பிணைந்த கரிமத்தை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன இயலாது. பல நூறு ஆண்டுகள் கூட அது அங்கேயே இருக்கக்கூடும். மண் என்பது நீரை வடிகட்டும் துணி மட்டுமன்று. காடு சேர்த்த பொருளைக் காக்கும் பெட்டகமும் அதுவே.

வெண்மணலில் இப்பெட்டகம் இல்லை. ஊழிக்கணக்கான மழையால் இரும்பும் அலுமினியமும் கழுவப்பட்டு, வெறும் படிக மணலே எஞ்சிய நிலம் அது. அதனால்தான் அது வெண்மையாக இருக்கின்றது. அங்கே முளைக்கும் மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை. இலைகள் தடித்துத் தோல் போல இருக்கும். உரமில்லா நிலத்தில் ஓர் இலையை இழந்தால் மறு இலை ஆக்குவது அரிது. ஆகவே பூச்சிகள் தின்னாதவாறு இலைகளில் துவர்ப்பொருள் மிகுந்திருக்கின்றது என்பர். அத்தகைய இலைகளின் சாறு மணலில் இறங்கும். பற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. மணலுக்கு அடியில் பல இடங்களில் நீர் புகாத இறுகிய அடுக்கு ஒன்று உண்டு. அதனைத் தொட்ட நீர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்து ஓடையைச் சேர்ந்துவிடும். ரியோ நீக்ரோவின் மேற்பகுதியில் இத்தகைய வெண்மணல் நிலம் பரந்து கிடக்கின்றது. அந்த ஆற்றின் கருமையெல்லாம் அந்த வெண்மையிலிருந்து பிறந்ததே.

மண்ணின் வகையோடு நீர் செல்லும் வழியும் கணக்கில் சேரும். இதனை நன்கு அளந்து காட்டிய இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து மலைக்காடாகிய ஹப்பர்டு ஓடைப் பகுதி. 1955-ஆம் ஆண்டில் அந்நாட்டு வனத்துறை அதனை ஆராய்ச்சிக்காக ஒதுக்கியது. 1963-ஆம் ஆண்டு முதல் போர்மன், லைக்கென்ஸ் முதலிய அறிஞர்கள் அங்கே ஒரு புதிய முறையைக் கையாண்டனர். அம்மலையின் அடிப்பாறை நீரைக் கசியவிடாது. ஆகையால் ஒரு சிறு பள்ளத்தாக்கில் பெய்யும் மழையில் ஆவியாகாத பகுதி முழுவதும் அதன் ஓடை வழியாகவே வெளியேறியாக வேண்டும். ஓடையின் வாயில் ஒரு சிறு கலிங்கு கட்டினர். அதன் நடுவில் ஆப்பு வடிவமாக ஒரு வெட்டு; அவ்வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கின்றது என்பதைக் கொண்டு எவ்வளவு நீர் செல்கின்றது என்பதைக் கணித்தனர். அந்நீரைப் புட்டிகளில் எடுத்து ஆராய்ந்தனர். வரவு மழையளவைக் கலத்தில், செலவு கலிங்கில். கடைக்காரன் மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணுவது போலக் காட்டின் கணக்கை எண்ண முடிந்தது.

அந்த ஓடைகளின் நீர் வழக்கமான நாளில் பளிங்கு போல் இருக்கும்; லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் கரிமமே அதில் உண்டு. சருகுக்கு அடியிலுள்ள மண்ணடுக்கு ஏனையவற்றைப் பிடித்துக்கொண்டதே காரணம். பெருமழை பெய்யும் நாளில் நிலைமை மாறிவிடுகின்றது. மண்ணுக்குள் நீர்மட்டம் மேலே ஏறுகின்றது. ஆழத்தின் வழியே மெல்லச் செல்ல வேண்டிய நீர், மேலடுக்கின் வழியே, சருகையும் மக்கையும் துழாவிக்கொண்டு விரைந்து ஓடையில் விழுகின்றது. பற்றிக்கொள்ளும் மண்ணை அது தொடுவதற்கே நேரமில்லை. ஓடை பழுக்கின்றது. காட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஓராண்டில் வெளியேறும் கரைந்த கரிமத்தின் பெரும்பங்கு, இவ்வாறு வெள்ளம் வந்து வடியும் சில நாள்களிலேயே வெளியேறிவிடுகின்றது. வாரத்துக்கு ஒருமுறை புட்டியோடு செல்பவர் அந்நாளைத் தவறவிட்டால், அவர் கணக்கு பெரிதும் பிழைபடும். நள்ளிரவில், கொட்டும் மழையில் கலிங்குக்கு ஓடுவதும் இவ்வாராய்ச்சியில் ஒரு பகுதியாக இருந்ததற்கு இதுவே காரணம்.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு காடு ஓராண்டில் காற்றிலிருந்து பெறும் கரிமத்தோடு ஒப்பிட்டால், ஓடை கொண்டு செல்வது மிகச் சிறிது. அதனால் அதனை விட்டுவிடலாம் எனப் பலர் நெடுங்காலம் எண்ணினர். ஆனால் காடு பெறுவதில் பெரும்பகுதியை அது மூச்சாகத் திரும்ப விட்டுவிடுகின்றது. வரவும் பெரிது, செலவும் பெரிது, மிச்சம் சிறிது. ஆயிரம் ரூபாய்க்கு விற்று, செலவு போக நாற்பது ரூபாய் மிஞ்சும் கடையில், பெட்டியின் ஓட்டை வழியே ஐந்து ரூபாய் விழுந்தால் அதனை ஆயிரத்தோடு ஒப்பிடுவது அறிவுடைமை ஆகுமா? காடுகள் காற்றின் கரியமில வாயுவை எவ்வளவு வாங்கி வைத்துக்கொள்கின்றன என்று நாடுகள் இன்று கணக்கிட்டுப் பார்க்கின்றன. மரங்களின் சுற்றளவை மட்டும் அளந்து, ஓடையை அளக்காமல் விட்டால், அந்தக் கணக்கு காட்டுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

ஓடையில் விழுந்த கரிமம் பின் என்னவாகின்றது? கடல் சேரும் வரை அது அப்படியே செல்கின்றது என்றுதான் முன்பு கருதினர். ஆறுகளை வெறும் குழாய்களாக எண்ணிய காலம் அது. உண்மையில் ஆறு உயிருள்ள இடம். கதிரவன் ஒளி கரைந்த பொருள்களைத் துண்டு துண்டாக உடைக்கின்றது; நுண்ணுயிர்கள் அத்துண்டுகளைத் தின்று மூச்சு விடுகின்றன; கரியமில வாயு நீரின் மேற்பரப்பிலிருந்து காற்றில் கலக்கின்றது. 2002-ஆம் ஆண்டில் ரிச்சி என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சி, அமேசான் நிலத்து ஆறுகளும் நீர்நிலைகளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 கோடி டன் கரிமத்தை இவ்வாறு காற்றில் விடுகின்றன என்று மதிப்பிட்டது. அந்த ஆறு கடலில் சேர்க்கும் கரிமச் சேர்மங்களைப்போல் இது பத்து மடங்குக்குக் குறையாது. இதில் வெள்ளக்காலத்தில் நீரில் மூழ்கி நிற்கும் காடுகளின் பங்கும் பெரிது என்பது பின்னர் விளங்கியது. 2007-ஆம் ஆண்டில் உலகு முழுவதற்கும் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, நிலத்திலிருந்து ஆறுகளும் ஏரிகளும் பெறும் கரிமம் ஆண்டுக்கு 190 கோடி டன். கடலைச் சேர்வது 90 கோடி டன். நடுவில் குறைந்த 100 கோடி டன்னில் ஒரு பகுதி ஏரிகளின் அடியில் புதைகின்றது. பெரும்பகுதி காற்றுக்கே திரும்புகின்றது.

குடிநீர் வழங்குவோருக்கும் இந்தப் பழுப்பு நீரோடு ஒரு வழக்கு உண்டு. 1974-ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரின் குடிநீர்ப் பணியில் இருந்த ரூக் என்னும் வேதியியலார், நீரைத் தூய்மையாக்குவதற்கு இடும் குளோரின் அதில் கரைந்துள்ள மட்கிய பொருள்களோடு கூடி, குளோரோபாம் முதலிய தீய பொருள்களை உண்டாக்குவதைக் கண்டறிந்தார். அன்று முதல், பழுப்பு நீரில் குளோரின் இடுவதற்கு முன் அதன் பழுப்பை நீக்குதல் நீர்நிலையத்தாரின் கவலையாயிற்று. அந்தோ, அதன்பின் வடஐரோப்பாவிலும் வடஅமெரிக்காவிலும் பல ஏரிகளும் ஓடைகளும் மேலும் பழுக்கத் தொடங்கின. காரணம் வியப்பூட்டுவது. தொழிற்சாலைப் புகையால் அமில மழை பெய்த காலத்தில், அந்த அமிலம் மண்ணிலுள்ள கரிமப் பொருள்கள் நீரில் கரைவதைத் தடுத்து வைத்திருந்தது. அரசுகள் சட்டமியற்றிப் புகையைக் குறைத்தன, மழை தூய்மையாயிற்று, மண்ணில் கட்டுண்டிருந்தவை மீண்டும் கரையத் தொடங்கின. காற்று தெளிந்ததனால் நீர் பழுத்தது என்பதை 2007-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி ஆறு நாடுகளின் நீர்நிலைகளைக் கொண்டு காட்டியது. இப்பழுப்பை நோய் என்பதைவிட, ஓடைகள் தம் பழைய நிறத்துக்குத் திரும்புகின்றன என்பதே பொருந்தும்.

நிறத்தை மட்டும் கண்டு நன்மை தீமை சொல்ல இயலாது என்பதற்குப் போர்னியோத் தீவு மற்றொரு சான்று. அங்கே இந்தோனேசியாவுக்கு உரிய கலிமந்தான் பகுதியில் சதுப்புக் காடுகள் உள்ளன. ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்பதால் சருகும் வேரும் கிளையும் முற்றும் மட்க வழியில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்து, 'பீட்' எனப்படும் முற்றாக் கரியாக ஆகியிருக்கின்றன. அவ்வாறு குவிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. அங்கே இயல்பாக ஓடும் ஆறுகளும் கருநீர் ஆறுகளே. 1995-ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு அங்கே பத்து லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக்கத் திட்டமிட்டது. காடு வெட்டப்பட்டது, 4,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய்கள் தோண்டப்பட்டன. கால்வாய் வழியே நீர் வடிந்தது. நெல் மட்டும் விளையவில்லை; அந்த மண் நெல்லுக்கு ஏற்றதன்று. 1997-இல் மழை பொய்த்தபோது உலர்ந்த பீட் தீப்பற்றி, மாதக்கணக்கில் புகைந்தது. 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் எஞ்சின.

அக்கால்வாய் நீரும் பழுப்பு; தீண்டப்படாத சதுப்புக் காட்டு ஆற்றின் நீரும் பழுப்பு. இரண்டையும் புட்டியில் அடைத்து அருகருகே வைத்தால் வேறுபாடு கூறுவது அரிது. ஆயினும் கரிமத்தின் அகவையை அறிய ஒரு வழி உண்டு. காற்றிலுள்ள கரிமத்தில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. மரம் அதனையும் சேர்த்தே உட்கொள்கின்றது. மரம் இறந்தபின் அப்பகுதி மெல்லச் சிதைந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றது. எஞ்சியதை அளந்தால் அந்தக் கரிமம் காற்றை விட்டு எப்போது வந்தது என்பது தெரியும். இம்முறையால் அமேசான் ஆறுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றிலிருந்து காற்றுக்குத் திரும்பும் கரிமம் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு உட்பட்டது என 2005-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அண்மையில் உதிர்ந்த இலை, அண்மையில் காற்றிலிருந்து பெற்ற கரிமம். காடு வட்டியிலிருந்து செலவிடுகின்றது. கலிமந்தானில் 2013-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியும், தீண்டப்படாத சதுப்புக் காட்டின் நீரில் இளைய கரிமமே இருப்பதைக் கண்டது. ஆனால் கால்வாய் வெட்டிய நிலத்து நீரில் கரைந்திருந்த கரிமமோ, பல நூறு ஆண்டுகள் முதல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வரை அகவை உடையதாயிருந்தது. வெளியேறும் அளவும் ஒன்றரை மடங்காயிருந்தது. ஆழத்திலே நீரால் மூடிக் காக்கப்பட்டிருந்த முதலையே நீர் கரைத்துக்கொண்டு சென்றது.

2015-ஆம் ஆண்டில் மீண்டும் பெருந்தீ மூண்டு, அண்டை நாடுகள் வரை புகை சூழ்ந்தது. அதனை அடுத்து 2016-ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு சதுப்பு நிலங்களை மீட்பதற்கென்றே ஒரு தனி அமைப்பை நிறுவியது. மீட்கும் வேலையில் பெரும்பகுதி, முன்பு தோண்டிய கால்வாய்களை அடைப்பதாகும். கால்வாயின் குறுக்கே மரங்களை வரிசையாக ஊன்றி, இடையே மண்மூட்டைகளை அடுக்குகின்றனர். அடைப்புக்குப் பின்னால் நீர் சிறுகச் சிறுக உயர்ந்து, கரையோரத்துப் பீட்டை மறுபடி நனைக்கின்றது. அந்நீரும் தேநீர் நிறமாகவே நிற்கின்றது.